சாக்கரா ஃபுட்பாலா, கால்பந்தா உதைபந்தா: எந்த இடத்தில் எந்தப் பெயர்?

மைதானக்கோடு:
2026 உலகக் கோப்பை அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என்று மூன்று நாட்டு மைதானங்களில் நடப்பதால், அங்கே எழுதப்படும் செய்திகளைத் தமிழாக்கும் தேவை கூடியிருக்கிறது. பெயரில்தான் பெரிய குழப்பம். ஒரு கட்டுரை சாக்கர் என்கிறது, இன்னொன்று ஃபுட்பால் என்கிறது, இரண்டும் ஒரே ஆட்டமா என்பதே பல இடங்களில் தெளிவாக இல்லை. "சாக்கர் அமெரிக்கர்கள் திணித்த சொல்" என்று தமிழில் பலரும் எழுதுகிறார்கள். அது சரியா? "அமெரிக்க கால்பந்து அணி" என்று தலைப்பு வைத்தால் வாசகர் எந்த ஆட்டத்தை நினைப்பார்? விவரம் தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.

பழையபந்து:
முதல் கேள்விக்கு நேர்ப் பதில்: சரியில்லை. சாக்கர் இங்கிலாந்தில் பிறந்த சொல்.

1863 அக்டோபர் 26 அன்று லண்டனில் ஃப்ரீமேசன்ஸ் டேவர்ன் என்ற விடுதியில் சில சங்கங்கள் கூடி ஃபுட்பால் அசோசியேஷனைத் தொடங்கின. அதுவரை ஃபுட்பால் என்ற பெயரில் ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு விதமாக ஆடிக்கொண்டிருந்தது. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாமா, எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைக்கலாமா என்ற இரண்டிலும் சண்டை வந்தது. இரண்டுக்கும் தடை என்று முடிவானதும் பிளாக்ஹீத் சங்கம் வெளியேறியது. எபனேசர் காப் மார்லி எழுதிய 13 விதிகள் அந்த டிசம்பரில் ஏற்கப்பட்டன. பந்தோடு ஓடும் ஆட்டத்தை விரும்பியவர்கள் 1871-இல் ரக்பி ஃபுட்பால் யூனியனை அமைத்தார்கள்.

ஆக, ஒரே ஊரில் இரண்டு ஃபுட்பால்கள். ஒன்று அசோசியேஷன் ஃபுட்பால், மற்றது ரக்பி ஃபுட்பால். ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்களுக்குச் சொல்லைச் சுருக்கி வாலில் "அர்" ஒட்டும் பழக்கம் இருந்தது. ரக்பி "ரக்கர்" ஆனது. அசோசியேஷனில் நடுவே உள்ள "சாக்" என்ற துண்டை எடுத்து "சாக்கர்" ஆக்கினார்கள். 1880களின் கடைசியிலிருந்து இந்த வடிவங்கள் எழுத்தில் கிடைக்கின்றன. சார்லஸ் ரெஃபோர்டு-பிரவுன் என்ற ஆட்டக்காரர் ஒருநாள் வாய்போக்கில் உருவாக்கினார் என்ற கதை எல்லா இடத்திலும் சுற்றுகிறது. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, கட்டுரையில் சேர்க்காதீர்கள்.

அந்தச் சொல் இங்கிலாந்திலேயே நூறு ஆண்டு வாழ்ந்தது. 1960-இல் அங்கே தொடங்கிய மாத இதழின் பெயரே "வேர்ல்டு சாக்கர்". பிரிட்டிஷ் செய்தித்தாள்களை ஆராய்ந்த மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டெஃபன் சிமான்ஸ்கி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே சாக்கர் என்ற சொல் பெருகியதையும் 1980-க்குப் பிறகு சரிந்ததையும் காட்டினார். அமெரிக்காவில் வட அமெரிக்க சாக்கர் லீக் கவனம் பெற்று, 1975-இல் பெலே நியூயார்க் காஸ்மாஸுக்குப் போன பிறகு அந்தச் சொல்லுக்கு அமெரிக்க வாசனை ஏறியது, அதனால்தான் பிரிட்டிஷார் அதைக் கைவிட்டார்கள் என்பது அவர் வாதம். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

ஏழாம்எண்:
வரலாறு சரி. ஆனாலும் ஒன்று இடிக்கிறது. அமெரிக்காவில் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்கு ஃபுட்பால் என்று பெயர், காலால் மட்டுமே ஆடும் ஆட்டத்துக்கு வேறு பெயர் தேட வேண்டுமாம். இது என்ன நியாயம்? அந்தப் பந்தின் நீளம் ஓர் அடி, அதனால்தான் அங்கே ஃபுட்பால் என்கிறார்கள் என்றும் படித்தேன்.

பழையபந்து:
அடிக்கணக்குக் கதை தவறு. அந்தப் பந்தின் நீளம் 11 முதல் 11¼ அங்குலம். ஓர் அடிக்கு 12 அங்குலம். அதைவிட முக்கியம், பெயர் பந்தின் வடிவத்துக்கு முந்தியது. 1424-இல் ஸ்காட்லாந்து அரசர் முதலாம் ஜேம்ஸ் காலச் சட்டம் "ஃபுட் பால்" ஆடத் தடை போட்டு நான்கு பென்னி அபராதம் விதித்தது. அப்போது முட்டை வடிவப் பந்துக்கு அளவுகோல் ஏது?

கால்படாத ஆட்டம் என்பதற்கும் பதில் உண்டு. 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் மோதியதைத்தான் அமெரிக்கர்கள் தங்கள் கல்லூரி ஃபுட்பாலின் முதல் ஆட்டமாக எண்ணுகிறார்கள். பக்கத்துக்கு 25 பேர், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது, முடிவு 6-4. லண்டன் விதிகளுக்கு நெருங்கிய ஆட்டம் அது. 1874-இல் கனடாவின் மெக்கில் அணியோடு ஆடிய ஹார்வர்டு ரக்பி முறையைப் பிடித்துக்கொண்டது, மற்றக் கல்லூரிகள் அதன் பின்னால் போயின. 1880-இல் வால்ட்டர் கேம்ப் ஆள் எண்ணிக்கையை 11 ஆக்கி, பந்தை வைத்துத் தொடங்கும் கோட்டைக் கொண்டுவந்தார். 1882-இல் மூன்று முயற்சிக்குள் 5 யார்டு முன்னேற வேண்டும் என்ற டவுன் முறை வந்தது, ஒவ்வொரு முயற்சியும் ஒரு டவுன்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். 1883-இல் வகுத்த புள்ளிக் கணக்கில் டச்டவுனுக்கு, அதாவது பந்தை எதிரணியின் கடைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பதற்கு, 2 புள்ளி. அதன் பிறகு உதைத்துப் போடும் கோலுக்கு 4. களத்திலிருந்து நேராக உதைத்துப் போட்டால் (ஃபீல்டு கோல்) 5. அந்த நாளில் அந்த ஆட்டத்தை வென்றது உதைதான். முன்னோக்கி எறிவது 1906 வரை விதிமீறல். 1912-இல் டச்டவுன் 6 ஆனபோது உதையின் மதிப்பு 3-க்கு இறங்கியிருந்தது. ஆட்டம் மாறியது, பெயர் தங்கிவிட்டது.

காலால் ஆடுவதால்தான் ஃபுட்பால் என்பதும் அப்படியே ஏற்கத்தக்கதில்லை. குதிரைமேல் ஏறாமல் தரையில் நின்று ஆடியதால் அந்தப் பெயர் என்று சொல்வாரும் உண்டு, அதுவும் ஊகமே. 1863 விதிகளிலேயே பந்தைக் கையால் பிடிக்கலாம், பிடித்தவருக்குத் தடையில்லாமல் பந்தை உதைக்கும் வாய்ப்பு கிடைக்கும். கை முழுக்கத் தடையானது 1870-இல்தான்.

கரைக்காவலன்:
ஆஸ்திரேலியா, அயர்லாந்து செய்திகளில் குழி இன்னும் ஆழம், கவனம். ஒரு நாட்டில் ஃபுட்பால் என்ற சொல்லை வேறு ஆட்டம் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தால் நம் ஆட்டம் சாக்கர் ஆகிவிடும். பிடித்து வைத்திருக்கவில்லை என்றால் ஃபுட்பாலாகவே இருக்கும். பெரும்பாலும் இந்த ஒரு கணக்கிலேயே விடை கிடைத்துவிடும்.

அயர்லாந்தில் 1884-இல் தர்லெஸ் நகரில் கேலிக் விளையாட்டுச் சங்கம் அமைந்தது. கேலிக் ஃபுட்பாலுக்குப் பக்கத்துக்கு 15 பேர், ஒரு கோல் 3 புள்ளி, அதில் ஸ்கோரை 2-11 என்று எழுதுவார்கள். இரண்டு கோல், பதினொரு புள்ளி, மொத்தம் 17 என்று பொருள். தெரியாமல் தமிழாக்கினால் "2-11 என்று படுதோல்வி" என்று வந்துவிடும். ஐரிஷ் மொழியிலேயே நம் ஆட்டத்துக்கு "சாக்கர்", கேலிக் ஆட்டத்துக்கு "பெல்" என்று தனித்தனிச் சொல் உண்டு.

மெல்பர்னில் "ஃபுட்டி" என்றால் 1859-இல் அங்கே எழுதப்பட்ட விதிகளிலிருந்து வளர்ந்த ஆஸ்திரேலிய ஆட்டம். 18 பேர், நீள்வட்ட மைதானம், ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பம், நடுக் கம்பங்களுக்கு இடையே போகும் கோலுக்கு 6, ஓரக் கம்பத்துக்கும் நடுக் கம்பத்துக்கும் இடையே போகும் பிஹைண்டுக்கு 1. ஸ்கோர் 12.8 என்றால் தசமம் கிடையாது. 12 கோல், 8 பிஹைண்ட், மொத்தம் 80. சிட்னி, பிரிஸ்பேனில் அதே "ஃபுட்டி" பெரும்பாலும் ரக்பி லீக்.

அங்கே கூட்டமைப்பின் பெயரே மாறியது. சாக்கர் என்பதை விட்டு 2005-இல் ஃபுட்பால் ஃபெடரேஷன் ஆஸ்திரேலியா ஆனார்கள், 2020-இல் ஃபுட்பால் ஆஸ்திரேலியா. ஆண்கள் அணியின் செல்லப்பெயர் மட்டும் இன்றும் சாக்கரூஸ். நியூசிலாந்தும் 2007-இல் ஃபுட்பாலுக்கு மாறியது. தென்னாப்பிரிக்காவில் இரண்டும் சேர்ந்தே வாழ்கின்றன: சங்கம் ஃபுட்பால் அசோசியேஷன், தொழில்முறை அமைப்பு பிரிமியர் சாக்கர் லீக், 2010 இறுதிப் போட்டி நடந்த மைதானம் சாக்கர் சிட்டி.

அமெரிக்கக் கூட்டமைப்பு எதிர்த் திசையில் நடந்தது. 1913-இல் ஐக்கிய அமெரிக்க ஃபுட்பால் அசோசியேஷன், 1945-இல் சாக்கர் ஃபுட்பால் அசோசியேஷன், 1974-இல் சாக்கர் ஃபெடரேஷன். நடுவில் இருந்த பெயரில் இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதைப் பாருங்கள். பழைய செய்தியைத் தமிழாக்கும்போது அந்த ஆண்டில் என்ன பெயரோ அதையே போட வேண்டும்.

வடமுனை:
வணக்கம். இலங்கைப் பக்கத்திலிருந்து ஒரு விசயம். எங்கட பக்கத்தில பாடசாலை மட்டத்திலயிருந்து லீக் வரைக்கும் உதைபந்தாட்டம் எண்டுதான் புழக்கம். கால்பந்து எண்டு எழுதினாலும் விளங்கும், பத்திரிகைகளில ரெண்டும் வரும். ஆனா சனத்தின்ர வாயில உதைபந்துதான். சிங்களத்தில பாபந்து, அதில "பா" எண்டா பாதம்.

நான் உதைபந்துக்காக வாதாடுவன். கால்பந்து எண்டது ஃபுட்பால் எண்ட ஆங்கிலச் சொல்லைத் துண்டுதுண்டாய்ப் பிரிச்சு எடுத்தது. அதனால அந்த ஆங்கிலச் சொல்லின்ர குழப்பமும் கூடவே வந்திட்டுது. உதைபந்து ஆட்டத்தில என்ன நடக்குது எண்டதைச் சொல்லுது. இத்தாலியர் "கால்ச்சோ" எண்டு சொல்லுறதும் இதே வழிதான், அதின்ர பொருள் உதை. அவையின்ர சங்கம் 1898-இல தொடங்கேக்க பெயரில ஃபுட்பால் எண்டு இருந்தது, 1909-இல கால்ச்சோ எண்டு மாத்தினவை. மைதானக்கோடு அண்ணை கேட்ட தலைப்புப் பிரச்சினையும் இதிலயே தீரும். அமெரிக்க உதைபந்தாட்ட அணி எண்டா ஒருத்தரும் ஹெல்மெட் போட்ட ஆக்களை நினைக்கமாட்டினம்.

சந்திவிதி:
உதைபந்து நல்ல சொல். எழுதும்போது ஒரு பிழை அடிக்கடி வருகிறது: "உதைப்பந்து". உதைத்த பந்து, உதைக்கின்ற பந்து, உதைக்கும் பந்து என மூன்று காலத்துக்கும் விரிவதால் இது வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. எறிபந்தும் அப்படியே. கைப்பந்து, கூடைப்பந்து, இறகுப்பந்து எல்லாம் பெயரோடு பெயர் சேர்ந்தவை, அங்கே மிகும்.

கால்பந்துக்கு வந்தால், இலக்கணப்படி அது காற்பந்து. காலால் ஆடும் பந்து என்று விரியும் வேற்றுமைத் தொகை. வேற்றுமையில் ல் முன் வல்லினம் வந்தால் ற் ஆகும். பாற்குடம், நெற்பயிர், காற்சிலம்பு போல.

தெம்பனீஸ்:
சிங்கப்பூரில் செய்தியிலும் பள்ளியிலும் காற்பந்துதான். அதுவே எங்களுக்கு இயல்பாகிவிட்டது, கால்பந்து என்று பார்த்தால் தமிழ்நாட்டுச் செய்தி என்று தெரிந்துவிடும். தேடுபொறியில் இது பெரிய வேறுபாடு. காற்பந்து, கால்பந்து, கால்பந்தாட்டம், உதைபந்தாட்டம் நான்கும் வெவ்வேறு எழுத்துத் தொடர்கள், ஒன்றைத் தேடினால் மற்றவை எல்லாம் வரும் என்று நம்ப முடியாது. கட்டுரைக்குள் ஒரே வடிவம் வையுங்கள், குறிச்சொற்களில் நான்கையும் போடுங்கள். ஃபுட்பால், புட்பால் என்ற இரண்டு எழுத்துக்கூட்டலையும் சேர்த்தால் இன்னும் நல்லது.

ஏழாம்எண்:
சந்திவிதி ஐயா, தமிழ்நாட்டில் கால்பந்து பாடநூலிலும் செய்தித்தாளிலும் நிலைத்துவிட்டது. அதைக் காற்பந்து என்று திருத்தினால் வாசகருக்குக் கண் தட்டும். கால்சட்டை என்றும் எழுதுகிறோமே?

சந்திவிதி:
காற்சட்டை என்றும் எழுதுகிறார்கள், தம்பி. இரண்டும் புழங்குகின்றன. தமிழ்நாட்டு வாசகருக்கு எழுதும்போது கால்பந்து வைப்பதில் எனக்குத் தடையில்லை, நிலைத்த வழக்கை மதிக்கத்தான் வேண்டும். அதைப் பிழை என்று சிவப்புக் கோடு போடுவதும் தவறு, காற்பந்தைப் பிழை என்று மாற்றுவதும் தவறு. ஒரே பக்கத்தில் இரண்டும் கலந்து வருவதுதான் உண்மையான பிழை. அடுத்த சொல்லோடு சேரும்போது கால்பந்துப் போட்டி, கால்பந்துச் சங்கம் என்று ஒற்று வர வேண்டும். பலர் விட்டுவிடுகிறார்கள்.

நாடோடிச்சொல்:
மற்ற மொழிகள் என்ன செய்தன என்று பார்த்தால் நம் வாதம் புதிதில்லை என்று தெரியும். ஸ்பெயினில் 1908-இல் மரியானோ தெ காவியா என்ற பத்திரிகையாளர் ஃபுட்பாலை மொழிபெயர்த்து "பலோம்பியே" என்ற சொல்லை முன்வைத்தார். பேச்சில் "ஃபுத்போல்" வென்றுவிட்டது. பலோம்பியே இன்று ரியல் பெட்டிஸ் போன்ற சில சங்கங்களின் பெயரில் வாழ்கிறது.

ஜப்பான் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே முதலில் "ஷூக்யூ" என்ற சொல் இருந்தது. உதை என்னும் எழுத்தும் பந்து என்னும் எழுத்தும் சேர்ந்தது, அச்சு அசலாக நம் உதைபந்து. 1946-இல் பொதுப் பயன்பாட்டுக்கு 1850 சீன எழுத்துகளை மட்டும் அரசு பட்டியலிட்டது. உதையைக் குறிக்கும் எழுத்து அதில் இடம்பெறவில்லை. செய்தித்தாளில் எழுத முடியாத சொல் எப்படி நிலைக்கும்? "சக்கா" என்ற சாக்கர் வடிவம் அந்த இடத்தில் நன்றாக வேரூன்றியது. 2010-இல் அந்த எழுத்து பட்டியலுக்குள் வந்தது, சொல் திரும்பவில்லை. அவர்கள் சங்கம் ஆங்கிலத்தில் ஃபுட்பால் அசோசியேஷன், ஜப்பானிய மொழியில் சக்கா சங்கம். கொரியாவில் அதே உதைபந்து எழுத்துகளின் ஒலிப்பான "சுக்கு" இன்றும் வழக்கில் இருக்கிறது. சீனத்தில் "ட்சூச்சியூ", அதாவது பாதப்பந்து.

மைதானக்கோடு:
மிகவும் பயனுள்ளதாக இருக்கிறது. மொழிபெயர்க்க உட்காருபவருக்கு வரிசையாகச் சொல்ல முடியுமா? பொருளை எப்படி உறுதி செய்வது, எங்கே வழுக்கும்?

கரைக்காவலன்:
முதலில் செய்தி எந்த நாட்டில், முடிந்தால் எந்த ஊரில் எழுதப்பட்டது என்று பாருங்கள். அடுத்து ஸ்கோர். 27-24 போன்ற எண் வந்தால் அமெரிக்க ஆட்டமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் அங்கே 3-0 என்றும் ஒரு பகுதி முடியலாம், ஒரே ஒரு ஃபீல்டு கோல் போட்டிருப்பார்கள். அதனால் ஸ்கோரை மட்டும் நம்ப வேண்டாம்.

சொற்களில் ஏமாற்றுபவை பல. கோல், கிக்காஃப், டேக்கிள், பெனால்டி, ஆஃப்சைடு, ஃபுல்பேக் ஆறும் இரண்டு ஆட்டத்திலும் உண்டு, பொருள்தான் வேறு. அமெரிக்க ஆட்டத்தில் பெனால்டி என்றால் யார்டு இழப்பு, அதைப் பெனால்டி உதை என்று எழுதினால் செய்தியே பொய்யாகிவிடும். "பக்கத்துக்கு 11 பேர்" என்பதும் இரண்டுக்கும் பொது. டச்டவுன், குவார்ட்டர்பேக், "மூன்றாவது டவுன், 8 யார்டு" போன்றவை வந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஆட்டத்தின் பெயர் உறுதியான பிறகு பொதுச்சொல்லை மட்டும் தமிழாக்குங்கள். சிறப்புப் பெயரைத் தொடாதீர்கள். மேஜர் லீக் சாக்கர் என்பதை மேஜர் லீக் கால்பந்து ஆக்கினால் தேடுபவருக்குக் கிடைக்காது. "சாக்கர்" வரும் இடமெல்லாம் "கால்பந்து" என்று ஒரே தட்டில் மாற்றும் வேலை மிகவும் ஆபத்து. சாக்கரூஸ் "கால்பந்தூஸ்" ஆகிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

சந்திவிதி:
இன்னும் இரண்டு குழி. அசோசியேஷன் ஃபுட்பாலை "சங்கக் கால்பந்து" என்று மொழிபெயர்க்கிறார்கள். ஓர் எழுத்து பிரிந்து விழுந்தால் "சங்க கால் பந்து", வாசகர் சங்க காலத்துக்கே போய்விடுவார். சரியாக எழுதினாலும் தமிழில் அதற்குப் பொருள் புலப்படுவதில்லை. ஃபிஃபாவின் முழுப் பெயரில் உள்ள "ஃபுட்பால் அசோசியேஷன்" கூட 1863 விதிகளின் வழிவந்த ஆட்டத்தைக் குறிக்கிறது. வரலாற்றுக் கட்டுரையில் "அசோசியேஷன் ஃபுட்பால்" என்று ஒலிபெயர்த்து, முதல்முறை வரும்போது ஒரு வரி விளக்கம் கொடுப்பதே நல்லது. மற்ற இடத்தில் கால்பந்து போதும்.

இரண்டாவது, ஆட்டத்துக்குள் வரும் ஹேண்ட்பால் குற்றம். அதைக் கைப்பந்து என்று எழுதினால் தமிழ்நாட்டிலும் சிங்கப்பூரிலும் வாலிபால் என்று பொருள். "பந்தைக் கையால் தொட்ட குற்றம்" என்று விரித்தே எழுதுங்கள்.

வடமுனை:
எங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. வாலிபால் எங்கட பக்கம் கரப்பந்து.

மைதானக்கோடு:
தலைப்புப் பிரச்சினை மட்டும் பாக்கி. தமிழ்நாட்டு வாசகர் பெரும்பான்மையாக உள்ள தளத்தில் உதைபந்துக்கு மாற முடியாது. "அமெரிக்க கால்பந்து அணி" என்பதற்கு என்ன வழி?

பழையபந்து:
வேற்றுமை உருபை விரித்து எழுதுங்கள். நாட்டின் அணி என்றால் "அமெரிக்காவின் கால்பந்து அணி". அந்த ஆட்டம் என்றால் "அமெரிக்கன் ஃபுட்பால் அணி", ஒலிபெயர்ப்பாகவே. "அமெரிக்கக் கால்பந்து" என்ற தொகை இரண்டு பொருளுக்கும் விரிகிறது, க் என்ற ஒற்றை எழுதினாலும் விட்டாலும் அது தீராது. அதனால் அந்தத் தொகையை எந்தப் பொருளிலும் பயன்படுத்தாமல் விடுவதே என் பரிந்துரை. கனடாவுக்கும் இதே முறை. அங்கே உள்ள கனேடியன் ஃபுட்பால் 12 பேர், 3 டவுன், 110 யார்டு மைதானம் கொண்ட தனி ஆட்டம், அமெரிக்கன் ஃபுட்பாலோடும் சேர்த்துவிடக்கூடாது.

வடமுனை:
இலங்கை வாசகருக்கு எண்டு தனிப் பக்கம் போடுறீங்களெண்டா அதில உதைபந்தாட்டம் எண்டே வையுங்கோ. அங்க இந்த விரிப்பு ஒண்டும் தேவைப்படாது.

மைதானக்கோடு:
அப்படியே செய்யலாம். பொதுப் பக்கத்தில் கால்பந்து, இலங்கைப் பக்கத்தில் உதைபந்தாட்டம், சிங்கப்பூர்ச் செய்திக்குக் காற்பந்து, குறிச்சொல்லில் எல்லா வடிவமும். பழைய தலைப்புகளில் "அமெரிக்க கால்பந்து" என்று இருப்பவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து எந்த ஆட்டம் என்று பார்த்துத் திருத்துகிறேன். கேலிக் ஸ்கோர் வரும் பக்கங்களையும் சரிபார்க்க வேண்டும். கரைக்காவலன், சந்தேகம் வரும் எண்களை இங்கே இடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

கரைக்காவலன்:
இடுங்கள். ஸ்கோரோடு செய்தியின் ஊரையும் தேதியையும் சேர்த்தே இடுங்கள், வெறும் எண்ணை வைத்துச் சொல்ல முடியாது.